தலைக்கு ஒரு வாளி

டமார் என்று முதலில் ஒரு சத்தம். பிறகு டங், டங், டங் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் கடகடவென்று உருண்டு வந்து, முதல் மாடிக் கதவில் மோதி நின்றது எதுவோ.

தையலம்மா மிஷினிலிருந்து காலை எடுத்தாள். பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்றின் காலர் ஊசிக்கடியில் பாதியில் நின்றது. கதவைத் திறந்தால், வாசலில் ஒரு எவர்சில்வர் வாளி குப்புறக் கிடந்தது. புத்தம் புதுசு. கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் கிழிக்கப்படவில்லை. அதன் பின்னாலேயே மூன்றாம் மாடி பேங்க்காரர், கலைந்த தலையும் ஒற்றைக்கால் செருப்புமாக இறங்கி வந்தார்.

"அடி ஒண்ணும் படலியே?" என்றாள் தையலம்மா.

"எனக்கா, வாளிக்கா?"

"ரெண்டுக்கும்தான் கேக்கறேன்."

"வாளிக்கு லேசா ஒரு சொட்டை. எனக்கு மானம் மட்டும்தான் போச்சு." பேங்க்காரர் குனிந்து வாளியை எடுத்தார். "மோட்டார் போயிடுச்சும்மா. காயில் எரிஞ்சிடுச்சாம். கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க. மேல ஒரு சொட்டு ஏறாது. கீழே படிக்கட்டுப் பக்கத்துக் குழாய்ல மட்டும் வருது. கீழ் வீட்டு அம்மா எல்லாரையும் வாளியோட வரிசைக்கு வரச் சொல்றாங்க. லேட்டா வந்தா கடைசியாம். எனக்கு ஆபீஸ்ல மேனேஜர்கூட இப்படி உத்தரவு போட்டதில்லை."

தையலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழ் வீட்டு அம்மா யாரென்று அவளுக்கல்லவா தெரியும். இந்தக் கட்டடத்துக்குப் பிற்பாடு குடிவந்தவர்களுக்கு அவர் கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கிற ஒரு வயதான அம்மா, அவ்வளவுதான். தையலம்மாவுக்கு அவர் ஜட்ஜ் அக்கா.

"யாரும்மா?" என்று உள்ளேயிருந்து பாப்பா கேட்டாள்.

பாப்பாவுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. மருந்துக்கடையில் அவள்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கடைப் பையன்கள் "மேடம், மேடம்" என்று நடுங்குவார்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மாவோடேயே இருந்துவிட்டவள். வீட்டுப் படியேறினால் மறுபடி பாப்பாதான்.

"மோட்டார் போயிடுச்சாம். வாளியை எடுத்துக்கிட்டுக் கீழே போகணும். குளியலறையில ஒண்ணு இருக்கு. இன்னொண்ணுக்கு எங்கே போறது?"

பாப்பா மிஷின் பக்கம் வந்தாள். மேசைக்கு அடியில் வெட்டுத்துணிகள் போட்டு வைக்கிற பழைய இரும்பு வாளி இருந்தது. அதைத் தூக்கித் துணிகளைத் தரையில் கொட்டினாள். உள்பக்கம், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, எந்தச் சோப்புக்கும் போகாத நீல பெயிண்ட் ஒரு வளையமாக ஒட்டியிருந்தது.

"அதா?" என்றாள் தையலம்மா. "அது ஒழுகும்."

"ஒழுகாது. வாங்க, போகலாம். ஜட்ஜ் பெரியம்மா கடைசியில தள்ளிடுவாங்க."

கீழே போய்ப் பார்த்தால் வரிசையா அது. கண்காட்சி. இரண்டாம் மாடிப் புதுப்பொண்ணு தரை துடைக்கிற வாளியைக் கொண்டுவந்திருந்தாள். மாப்பைப் பிழிகிற சல்லடை அதன் வாயை முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் ஐஸ் பெட்டி. ஒருவர் பிரஷர் குக்கர். ஒருவர் வீட்டில் வாளியென்று இருந்தது கடற்கரையில் குழந்தை மணல்வீடு கட்டுகிற வாளி ஒன்றுதான். அதையே கூச்சமில்லாமல் வரிசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கைத்தடியை மடியில் குறுக்கே வைத்து, ஜட்ஜ் அக்கா உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலி, மூச்சு இரைப்பு எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"இங்கே பாருங்க. தலைக்கு ஒரு வாளி. வாளியை வெச்சிட்டு நீங்க போய் வேலையைப் பார்க்கலாம். வாளி நின்னா ஆள் நின்ன மாதிரி. முன்னாடி இருக்கிறது நகர்ந்தா பின்னாடி இருக்கிறவங்க ஆள் இல்லாத வாளியையும் சேர்த்து நகர்த்தணும். தாண்டிப் போகக் கூடாது. ஊர்ல இல்லாத ஆளுக்கு வாளி கிடையாது."

அந்தக் குரல். தையலம்மா கண்ணை மூடினால் போதும், சுற்றியிருந்த மூன்று மாடியும் காணாமல் போய்விடும் போலிருந்தது.

இதே இடத்தில்தான் அந்த வரிசை வீடுகள் இருந்தன. எட்டு வீடு, நடுவில் முற்றம், முற்றத்துக்கு ஒரு குழாய். விடிகிற நேரத்தில் தண்ணீர் வரும். வெயில் எதிர்ச்சுவரில் பாதி இறங்குவதற்குள் நின்றுவிடும். குழாய்க்கு நேர் எதிரே இருந்த ஜன்னல் ஜட்ஜ் அக்காவுடையது. கோர்ட்டுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற வேலை. ஆனால் தீர்ப்பு சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது. சொந்தத் தம்பி ஒரு மாதம் வந்து தங்கியபோது, "அவன் விருந்தாளி, குடித்தனக்காரன் இல்லை" என்று அவனுக்கு வாளி மறுத்தவள். அந்த மாதம் முழுக்க அக்காவும் தம்பியும் ஒரே வாளித் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்டு சண்டை போட்டது எட்டு வீட்டுக்கும் நல்ல பொழுதுபோக்கு.

புதிதாக யாராவது குடிவந்தால், என்ன வேலை, எங்கிருந்து வருகிறீர்கள் என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். "நீங்க எத்தனை வாளி?" என்பார்கள். மூன்று வாளி என்றால் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். கல்யாணம் ஆனால் ஒரு வாளி கூடும். மகன் வேலை கிடைத்து வெளியூர் போனால் ஒன்று குறையும். மறுநாள் வரிசையில் அந்த இடைவெளியைப் பார்த்து அவன் அம்மா மூக்கை உறிஞ்சுவாள். யார் மேலாவது கோபம் என்றால், பேசாமல் இருக்கமாட்டார்கள். பேச்செல்லாம் வழக்கம்போல நடக்கும். அந்த ஆளின் வாளியை மட்டும் நகர்த்தாமல் தாண்டிப் போய்விடுவார்கள். அதைவிடப் பெரிய அடி கிடையாது.

தண்ணீர் நின்றபிறகு வாளிகளுக்கு வேறு பிழைப்பு. கவிழ்த்தால் முக்காலி. பாப்பா வீட்டுப்பாடம் எழுதியதெல்லாம் கவிழ்த்த வாளியின் முதுகில்தான். அதனாலேயே அவள் நோட்டில் எழுத்தெல்லாம் வட்டமாக இருக்கிறது என்று டீச்சர் சொன்னதாக அவள் அப்பா பெயிண்டர் ஒரு கதை கட்டியிருந்தார். மழைக்காலத்தில் கூரை எங்கே ஒழுகுமோ அங்கே ஒன்று. நாலாம் வீட்டு டிரைவர் குளித்து முடித்ததும் காலி வாளிக்குள் தலையை விட்டுப் பாடுவார். வெளியே இருக்கிறவர்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. உள்ளே அவருக்குக் கணீரென்று கேட்கிறதாம், அது போதும். மூன்றாம் வீட்டு ஜன்னல் திரையில் தீப்பிடித்த காலையில், வரிசை வரிசையாகவே நின்று, கைமாற்றிக் கைமாற்றி எல்லா வாளியும் அங்கே போயிற்று. அப்போதும் ஜட்ஜ் அக்கா, "முதல்ல நிரம்பினது முதல்ல" என்று கத்தினதாகச் சொல்வார்கள். கத்தினாள்தான். தையலம்மாவே காதால் கேட்டாள்.

கைப்பிடிக் கம்பி உள்ளங்கையை அறுக்கும். அதற்குத் தையலம்மாதான் வைத்தியம் பார்த்தாள். மிஷினடியில் விழுகிற வெட்டுத்துணியைப் பட்டையாக மடித்துக் கம்பியில் இறுக்கிச் சுற்றி, ஓரத்தைத் தைத்துக் கொடுப்பாள். ஜட்ஜ் அக்காவுக்குக் கட்டம் போட்ட துணி. டிரைவர் வீட்டுக்குக் காக்கி. பார்த்த உடனே யார் வாளியென்று தெரிந்துவிடும். அவள் வீட்டு வாளிகளில் ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குச் சிவப்பு. சிவப்புத் துணி சுற்றியது பெயிண்டருடையது. அவர் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த வாளி. வேலையிடத்தில் வேறு கொடுத்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்தேயென்று தேய்த்தார். அந்த நீல வளையம் மட்டும் போகவில்லை. "இருக்கட்டும் விடு. இதுவரைக்கும் ரொப்பினா போதும்னு ஒரு அளவு" என்றார். குடிக்க உதவாத தண்ணீர், துணி துவைக்கத்தான் ஆகும். ஆனாலும் ஒரு வாளி.

பெயிண்டர்தான் தையலம்மாவின் வீட்டுக்காரர். சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குப் போவார், சீட்டியடித்துக்கொண்டே வருவார். ஒருநாள் போகிற சீட்டி மட்டும் கேட்டது. வருகிற சீட்டி கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அவள் அவர் வேலை செய்த இடத்துக்குப் போனாள். கூட வேலை செய்கிற ஒருவர் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சதும் கணக்கை முடிச்சுக்கிட்டுப் போயிட்டாரும்மா. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்னுட்டார்." பிரஷை உதறினார். "தனியா போகல."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. வழியில் எதையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்து வந்தாள்.

மறுநாள் விடிகாலை வாளி வைக்கிற நேரத்தில் அவள் கை பழக்கத்தில் இரண்டையும் எடுத்தது. இரண்டையும் வரிசையில் வைத்தது. ஜன்னலிலிருந்து ஜட்ஜ் அக்கா, "என்ன, வீட்டுக்காரர் வந்தாச்சா? ரெண்டு மூணு நாளா ஆளைக் காணோமே" என்று கேட்டாள்.

"வந்துட்டார்க்கா. இனிமே ராத்திரி வேலையாம். தூங்கறார்."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, அதற்கும் தினம் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டியதாகிவிட்டது. அவருடைய இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றி நனைத்துக் கொடியில் போட்டாள். இருட்டியபிறகு அவர் விட்டுப்போன செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்து தெருமுனை வரை ஒருமுறை நடந்துவிட்டு வருவாள். ஆள் வேலைக்குக் கிளம்பிய சத்தம் அது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கே ஒரு ஆச்சரியம்.

வீட்டுக்குள்ளே இருந்த பாப்பாவிடம் மட்டும் இந்தக் கதை செல்லாதே. அப்போது அவளுக்கு ஏழு வயதோ எட்டோ. அவளுக்கு வேறொன்று தைத்தாள். "அப்பா ரொம்ப தூரத்துல வேலைக்குப் போயிருக்கார். ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சா நமக்கு ஒரு வாளி போயிடும். யார் கேட்டாலும் தூங்கறார்னு சொல்லு, என்ன?" பாப்பா தலையாட்டினாள். அன்றிலிருந்து சிவப்புத் துணி சுற்றிய வாளியை வரிசைக்குக் கொண்டுபோகிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். காய்ச்சல் வந்த நாளில்கூட விடவில்லை.

தண்ணீருக்காகத்தான் இத்தனையும் என்று தையலம்மா தன்னிடமே சொல்லிக்கொள்வாள். அது ஒரு சாக்கு. அந்த வாளி வரிசையில் நிற்கிறவரைக்கும் அவள் இரண்டு வாளிக் குடும்பம். எடுத்துவிட்டால், விட்டுவிட்டுப் போகப்பட்டவள்.

மூன்று வருஷம் போல அப்படி ஓடியது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குழாய் வந்தது. எட்டு வீடும் சிரித்துக்கொண்டு குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தது. அவள் மட்டும் நீல வளைய வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, இனி இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முற்றத்தில் நின்றாள். அக்கம்பக்கத்தில், அவர் தூரத்து வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். பாப்பா பெரிய வகுப்புக்குப் போன வருஷம், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னாள். பாப்பா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்குத் தையலம்மாவுக்கு அது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர் உண்மையில் இருக்கிறாரா இல்லையா, அவளுக்கே தெரியாது. பாப்பாவுக்கு அப்பா என்று ஒருவர் உழைக்கப் போய், போன இடத்தில் செத்துப்போனார். அது போதும். வேண்டாமென்று உதறிவிட்டுப் போனார் என்பது அந்தப் பெண்ணின் தலைக்குள் ஒருநாளும் ஏறக் கூடாது. இத்தனை வருஷமும் தையலம்மா கண்ணும் கருத்துமாகக் காத்தது அதை ஒன்றைத்தான்.

"இது அநியாயம்" என்ற பேங்க்காரரின் குரல் அவளைத் திரும்பக் கூட்டிவந்தது.

ஜட்ஜ் அக்காவின் கைத்தடி அவருடைய இரண்டாவது வாளியைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இது யாருது?"

"என் வீட்டுக்காரியோடது."

"அவ எங்கே?"

"அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. நாளைக்கு வந்துடுவா."

"அப்போ நாளைக்கு வந்து வைக்கச் சொல்லுங்க."

"என்னம்மா இது, ஒரு வாளித் தண்ணி. நான் என்ன டேங்கரா கேட்டேன்?"

"இன்னிக்கு உங்க வீட்டுக்காரிக்கு விட்டா, நாளைக்கு இவர் மாமியாருக்குக் கேப்பார்" என்று மணல்வீட்டு வாளிக்காரரைக் காட்டினாள் அக்கா. அவர், "எனக்கு மாமியாரே வேண்டாம்மா, நீங்க கூப்பிட்டு விட்டுடாதீங்க" என்றார். வரிசை சிரித்தது.

அக்காவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. புதுப்பொண்ணு வேறு கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பிக்கு வாளி மறுத்த கதை வந்தது. டிரைவர் பாடிய கதை வந்தது. ஒவ்வொன்றும் தையலம்மாவின் வீட்டுப் பக்கமாகவே நகர்ந்து வருவதுபோல அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் பாப்பா குழாயைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அப்போ, இல்லாத ஆளுக்கு நீங்க ஒரு தடவைகூட விட்டதே இல்லையா பெரியம்மா?" என்றாள் புதுப்பொண்ணு.

"விட்டிருக்கேன்" என்றாள் அக்கா. "என் காலத்துல ஒரே ஒரு வாளி."

தையலம்மா பாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரோடது?"

அக்காவின் பார்வை வரிசையின் மேல் மெதுவாக ஊர்ந்து வந்து, நீல வளைய வாளியில் நின்றது. வாய் திறந்தது.

"பெரியம்மா, தண்ணி மெலிஞ்சுக்கிட்டே போகுது" என்றாள் பாப்பா. கடையில் பையன்களிடம் பேசுகிற குரல். "கதையை அப்புறம் வெச்சுக்கலாம். அடுத்த வாளி யாரோடது? தள்ளுங்க."

அக்கா பாப்பாவைப் பார்த்தாள். பாப்பாவும் அக்காவைப் பார்த்தாள்.

"அதானே. கதை கேட்டா வாளி ரொம்புமா" என்று அக்கா கைத்தடியைத் தட்டினாள். "குக்கர் யாருது? முதல்ல விசிலைக் கழட்டுங்க."

தப்பித்தோம் என்று தையலம்மா மூச்சு விட்டாள். ஆனால் அந்த ஒரே ஒரு வாளி என்ற பேச்சு உள்ளே போய்க் கொக்கி மாட்டிக்கொண்டது. அக்காவுக்குத் தெரியுமா? என்றைக்கிலிருந்து? தெரியும் என்றால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, மோட்டார் வருவதற்குள், இந்த வரிசையிலேயே, பாப்பா காதுபடவே அது விழுந்துவிடும்.

பாப்பா இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு படியேறினாள். நீல வளைய வாளி ஒரு சொட்டு ஒழுகவில்லை. போய் வைத்துவிட்டு, கைப்பையோடு இறங்கி வந்து, "மதியம் சாப்பாட்டுக்கு வர முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். வரிசை கலைந்தது. அக்காவின் வாளியைத் தையலம்மாவே தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனாள்.

அடுப்படி மூலையில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். போன வலியெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

"உக்காரேன்" என்றாள்.

தையலம்மா உட்காரவில்லை. "அக்கா, ஒரே ஒரு வாளின்னு சொன்னீங்களே."

"ஆமா. உன்னுதுதான்."

தையலம்மா உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குன்னு தனியா என்ன? எட்டு வீட்டுக்கும் தெரியும்."

"எப்படி?"

"அடி பைத்தியமே. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். ஒரு ஆம்பளை மூணு வருஷமா ஒரு தடவை இருமாம இருப்பானா?" அக்கா விரலை நீட்டினாள். "அந்தச் சட்டை. மாத்தி மாத்திக் காயப்போட்டியே. பெயிண்ட் வேலை பார்க்கிறவன் சட்டையில ஒரு புள்ளி கறை கிடையாது. காலர்ல அழுக்கு கிடையாது. மூணாம் வீட்டுக்காரி கேப்பா, 'அவர் பெயிண்டரா, இல்லை மாப்பிள்ளையா'ன்னு. நான்தான் வாயை மூடுடின்னேன். இருட்டினதும் அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு டபக்கு டபக்குன்னு நடப்பே. 'அந்தம்மா தடுக்கி விழுந்து வெச்சிடப் போறாங்க, சின்ன சைசா ஒரு ஜோடி வாங்கிக் குடுத்துடலாமா'ன்னு டிரைவர் கேட்டார்."

தையலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு வீடு. தினமும் காலையில் அவள் வாளி முன்னால் நகர்ந்துகொண்டேதான் இருந்தது. அவள் உள்ளே சமைத்துக்கொண்டிருக்கும்போது, இல்லாத ஒரு ஆளின் வாளியை யார் யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். ஒருவர்கூடத் தாண்டிப் போகவில்லை.

"யாரும் ஒரு வார்த்தை கேக்கலியேக்கா."

"கேட்டா நீ என்ன பண்ணியிருப்பே?"

தையலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டி போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"அது போகட்டும்க்கா. எனக்கு இந்த வயசுல என்ன வெக்கம். ஊர் பூரா தெரிஞ்சா தெரியட்டும். பாப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவ அப்பா வேலைக்குப் போன இடத்துல செத்துட்டார்னு நினைச்சுக்கிட்டிருக்கா. தன்னை வேண்டாம்னுட்டுப் போன அப்பான்னு அவளுக்குத் தெரியவே வேண்டாம். இவ்வளவு வருஷம் காப்பாத்திட்டேன். இன்னிக்கு ஒரு நிமிஷத்துல உங்க வாய்ல போயிருக்கும்."

"நான் அப்படி வாய் தவறுற ஆளா?"

"இன்னிக்குத் தவறப் பார்த்துச்சே."

"வயசாச்சு இல்லே. அந்த வாளியைப் பார்த்ததும் ஏதோ பழைய நினைப்பு." அக்கா கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள். அது நழுவிக் கீழே விழுந்தது. தையலம்மா எடுத்து நிறுத்தினாள்.

"சத்தியமா சொல்லமாட்டீங்களே?"

அக்கா வாக்குக் கொடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ ஒரு வாளியை நகர்த்தலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவள்போல.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலக்கா" என்றாள் தையலம்மா. "கூடப் பொறந்த தம்பிக்கே நீங்க வாளி தரல. ஒரு சொம்புத் தண்ணிக்கு ஊரையே நிக்க வெச்சவங்க. தெரிஞ்சும் எனக்கு எதுக்கு விட்டீங்க?"

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"உனக்காக எங்கே விட்டேன்? முதல் வாரமே பாப்பா வந்து என் கதவுகிட்ட நின்னா: 'பெரியம்மா, அப்பா இனிமே வரமாட்டாரு, எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு, பாவம் அம்மாவுக்கு அது தெரியாது, அதனால அவர் வாளியை மட்டும் வரிசையிலேருந்து எடுத்துடாதீங்க'ன்னா."